நிர்மலா பொய் சொல்லியிருக்க வேண்டும்

சுகுணாவின் சமையலறை ஜன்னலோரம் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கிறது. கோதுமை மாவில் தண்ணீர் கலந்து தானாகப் புளிக்க விட்ட மாவு அதில். தினமும் கொஞ்சத்தை எடுத்துவிட்டுப் புது மாவு போட்டு வந்தால் அது சாகாமல் இருக்கும். அதில் இரண்டு கரண்டி சேர்த்துப் பிசைந்தால் ஈஸ்ட் இல்லாமலே ரொட்டி உப்பும். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரிதான் என்று அவள் அதற்கு உறைமாவு என்று பெயர் வைத்திருந்தாள்.

யாரும் கற்றுத்தரவில்லை. போனில் பார்த்தது, கெடுத்தது, மறுபடி செய்தது. வீடியோவில் பேசுகிறவர்களின் ஊர்க் குளிர் அரூரில் கிடையாது. அவர்கள் ராத்திரி முழுக்கப் புளிக்க விடுவதை இவள் மத்தியானத்துக்குள் முடித்தாக வேண்டும். ஜாடியின் வெளியே ஒரு ரப்பர் பேண்டு மாட்டியிருப்பாள். மாவு ஊட்டும்போது மாவின் மட்டத்துக்கு அதை இறக்கி வைப்பாள். அதைத் தாண்டி மாவு இரட்டிப்பாக ஏறினால்தான் ஓவனைச் சூடாக்குவாள்.

கணவர் மதியழகன் நிலக்கடலை விவசாயி. வயலிலிருந்து வந்து கை கழுவும்போதே கேட்பார்.

"ஏம்புள்ள, உன் ஜாடிப் பையனுக்குச் சோறு ஊட்டியாச்சா?"

"அவன் சாப்பிட்டாச்சுங்க. நீங்கதான் பாக்கி."

கோதுமை ரேஷன் கடையில் வாங்கியது. கல் பொறுக்கி, இரண்டு தண்ணீர் கழுவி, மாடியில் நீலத் தார்ப்பாய் விரித்து உலர்த்தி, மில்லில் கொடுத்து அரைத்து வருவாள். சலிக்க மாட்டாள். தவிடு இருந்தால்தான் உறைமாவு துடிப்பாக இருக்கும் என்பது அவள் கண்டுபிடித்தது.

ரொட்டி பெரும்பாலும் தங்கை நிர்மலாவுக்குத்தான் போகும். நிர்மலாவைக் கம்பைநல்லூரில் கொடுத்திருந்தது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து இப்போது ஆறாம் மாதம். எதைத் தின்றாலும் நெஞ்சைக் கரிக்கிறது என்றவள், அக்காவின் ரொட்டி மட்டும் வயிற்றில் தங்குகிறது என்று ஒருமுறை சொல்லிவிட்டாள். அதிலிருந்து அவள் கணவன் குரு அரூர் சந்தைக்கு வரும்போதெல்லாம் ஒரு ரொட்டி தயாராக இருக்கும்.

இந்த ஆடியில் புதிதாக அரைத்து வந்த மாவில் பிசைந்த ரொட்டி உப்பவில்லை. பிசைந்து வைத்தது வைத்தபடி கிடந்தது. மழை பெய்து குளிர்ந்திருந்ததால் என்று நினைத்தாள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்திருப்பாள். அதற்குள் வாசலில் குருவின் வண்டிச் சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்த தங்கை வீட்டுக்காரரை வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லை. அதை அப்படியே ஓவனில் வைத்து, அவர் காப்பி குடித்து ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் வேகவைத்து எடுத்தாள். செங்கல் மாதிரி இருந்தது. துணியில் சுற்றிக் கொடுக்கும்போதே வெட்கமாக இருந்தது.

"கொஞ்சம் கெட்டியா வந்துருச்சுங்க தம்பி. நெருப்புல வாட்டித் திங்கச் சொல்லுங்க."

மறுநாள் நிர்மலா போன் செய்தாள்.

"சாப்பிட்டேன்க்கா. பஞ்சு மாதிரி இருந்துச்சு."

சுகுணாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த ரொட்டி எப்படிப் பஞ்சாகும் என்று ஒரு ஓரத்தில் உறுத்தியது. ஜாடியிலும் மாவு ஏறவில்லை. மூடியைத் திறந்தால் வழக்கமான புளிப்பு வாசனை மழுங்கியிருந்தது. அவளுக்கு எதையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லை. ஜாடி மாவை இரண்டு கிண்ணத்தில் பிரித்தாள். ஒன்றில் கடைக் கோதுமை மாவு, இன்னொன்றில் புதிதாக அரைத்த மாவு. ஒரே தண்ணீர், ஒரே மூடி, ஒரே இடம்.

காலையில் பார்த்தபோது கடை மாவு போட்ட கிண்ணம் நுரைத்து மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மற்றது சுவருக்குப் பூசக் கரைத்து வைத்த சுண்ணாம்பு மாதிரி அசையாமல் கிடந்தது.

குளிரில்லை. மாவில் என்னவோ இருக்கிறது.

அந்தக் கோதுமை தொட்டுவந்த ஒவ்வொன்றையும் நினைத்துப் பார்த்தாள். பக்கெட், முறம், பை, மில். மாடிக்குப் போய்த் தார்ப்பாயை விரித்தாள். மடிப்பு ஓரத்தில் ரோஜா நிறத்தில் பொடி ஒட்டியிருந்தது. விரலால் தொடப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள்.

மதியழகன் கீழே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தார்ப்பாயை எதுக்குங்க எடுத்தீங்க?"

"விதைக்கடலை பூஞ்சாணம் பிடிக்காம இருக்க மருந்து கலக்கினேன். எப்பவும் டிரம்லதான் கலக்குறது, அன்னைக்கு மழை வந்துருச்சு. ஒதறிட்டுத்தான வெச்சேன்?"

அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். கழுவிய கோதுமையை ஈரத்தோடு அதில்தான் பரப்பியிருந்தாள். முகம் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது.

"நாம அந்த மாவுல எதுவும் திங்கலயே," என்றார் மெல்ல.

"நிர்மலா தின்னுட்டாளேங்க."

நிர்மலாவுக்குப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. குருவுக்கு அடித்தார் மதியழகன். அவரும் எடுக்கவில்லை. மதியழகன் மாட்டுக் கொட்டகையிலிருந்து மருந்துப் பாக்கெட்டைத் தேடி எடுத்துவந்தார். அதில் நீல நிற முக்கோணம், கீழே அபாயம் என்று எழுத்து. சிவப்பு முக்கோணம்தான் ரொம்ப விஷம், நீலம் அவ்வளவு இல்லை என்றார். சொன்னவர் குரலில் தெம்பு இல்லை. அவள் பாக்கெட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பையில் வைத்தாள். டாக்டர் கேட்டால் காட்ட வேண்டும். அவருடைய வண்டி மெக்கானிக்கிடம் இருந்ததால் பஸ்ஸுக்கு ஓடினாள். அவர் போனும் கையுமாக வீட்டில் நின்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மாவு பிசைவதற்கு முன் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். அன்றும் வைத்தாள். இப்போது வயிற்றில் ஏதோ புரண்டது. மருந்தா, பயமா, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததா தெரியவில்லை. தனக்கே இப்படி என்றால் வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு எப்படி இருக்கும்? ஒவ்வொரு நிறுத்தத்திலும் மறுபடி போன் அடித்தாள். மணி மட்டும் அடித்தது. எதிரே ஒரு ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டு போனபோது எழுந்து நின்று, அது போய் மறையும் வரை பார்த்தாள்.

"உக்காரும்மா, இன்னும் ஸ்டாப் வரல," என்றார் கண்டக்டர்.

உட்கார்ந்தபோதுதான் அந்தப் பஞ்சு ஞாபகம் வந்தது. அந்த ரொட்டியை யார் வாயில் வைத்தாலும் பஞ்சு என்று சொல்ல முடியாது. கத்தி இறங்கியிருக்காது. அப்படியென்றால் நிர்மலா அதைத் தின்னவில்லை. தின்னாமலே சொல்லியிருக்கிறாள். அல்லது அக்கா மனசு நோகக் கூடாதென்று கஷ்டப்பட்டுக் கடித்துத் தின்றுவிட்டு அப்படிச் சொல்லியிருக்கிறாள். நிர்மலா இரண்டும் செய்யக்கூடியவள். தன் ரொட்டியைப் பற்றி ஒருவர் பொய்யாகப் புகழ்ந்தால் சுகுணாவுக்குப் பிடிக்காது. அன்று கம்பைநல்லூர் போய்ச் சேரும் வரை, என் தங்கச்சி பொய் சொல்லியிருக்கணும் சாமி என்று வேண்டிக்கொண்டே போனாள்.

நிர்மலா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் நிற்பதைப் பார்த்த பிறகுதான் சுகுணா ஓட்டத்தை நிறுத்தினாள்.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம? போனு உள்ள சார்ஜ்ல கெடக்குது."

"அந்த ரொட்டியத் தின்னியா?"

"தின்னேன்க்கா. நல்லாதான் இருந்துச்சு."

"எவ்வளவு தின்ன?"

"ரெண்டு துண்டு. ஏன்?"

"நிர்மலா, உண்மையச் சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன். தின்னியா, இல்லையா?"

"தின்னேன்னு சொல்றேன்ல? நீ அவ்வளவு கஷ்டப்பட்டு செஞ்சு அனுப்பற, திங்காம இருப்பனா?"

சுகுணா பையைத் திறந்து கவரோடு பாக்கெட்டை நீட்டினாள். விதை மருந்து, தார்ப்பாய், கோதுமை. வார்த்தைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன. நிர்மலாவின் கை வயிற்றுக்குப் போனது. முகம் வெளுத்தது. தின்றதால் வந்த பயமா, கேட்டதால் வந்த பயமா என்று சுகுணாவுக்குப் புரியவில்லை. ஆட்டோ எங்கே நிற்கும் என்று தெருவைப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து நிர்மலாவின் மாமியார் தீர்த்தம்மாள் வந்தார்.

"அவ எங்க தின்னா? எருமைக்குத்தான் போட்டேன். அதுகூட மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு."

"அத்த," என்றாள் நிர்மலா.

"என்னடி அத்த? அவளுக்கு உசுரு போவுது, நீ மரியாத பாக்கற."

மூவரும் கொட்டகைக்குப் போனார்கள். தொட்டியின் மூலையில், தவிட்டுத் தண்ணீர் படாத இடத்தில் ரொட்டி கிடந்தது. சுகுணா கவரைக் கையில் மாட்டிக்கொண்டு அதை எடுத்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். மேலே ஓவனில் வைக்கும் முன் அவள் பிளேடால் கீறிய கீறலைத் தவிர வேறு வெட்டு இல்லை. பல் தடம் இல்லை. எருமை அவளைப் பார்த்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"இத்தன நாளும் அனுப்பினது?"

"மொதல்ல ரெண்டு தடவ தின்னேன்க்கா. அப்புறம் அந்தப் புளிப்பு ஒத்துக்கல. நீ ஆசையா அனுப்பற, எப்படிச் சொல்றது?" நிர்மலா அழுதாள்.

சுகுணாவுக்கும் அழுகை வந்தது. ஆனால் அது கோபத்தில் இல்லை. தங்கையின் வயிற்றில் கைவைத்துக்கொண்டு வெகுநேரம் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றாள். எதற்கும் இருக்கட்டும் என்று நிர்மலாவையும் தன்னையும் ஆஸ்பத்திரியில் காட்டினாள். பாக்கெட்டை வாங்கிப் படித்த டாக்டர் இருவரையும் பரிசோதித்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார். அந்த ரொட்டியையும் மாவையும் மதியழகன் யார் காலும் படாத இடத்தில் ஆழக் குழிவெட்டிப் புதைத்தார். தார்ப்பாய் வயல் கொட்டகைக்குப் போனது. கடை மாவு ஊட்டிய கிண்ணத்தில் ஒரு கரண்டி மட்டும் வைத்துக்கொண்டு, பழையது முழுக்கக் கழியும்வரை பல நாள் கடை மாவே ஊட்டிய பிறகு அது மறுபடி ஜாடியானது.

ஆனால் பயம் போகவில்லை. இப்போதெல்லாம் புது மாவு வந்தால் முதலில் ஜாடிக்குத்தான். அது ஏறும் வரை அந்த மாவு வேறு எதற்கும் கிடையாது. மதியழகன் கேலி பேசுவதை விட்டுவிட்டார். வயலிலிருந்து வந்ததும் அவரே குனிந்து ரப்பர் பேண்டைப் பார்க்கிறார்.

அடுத்த முறை குரு வந்தபோது புது மாவு அரைத்து வந்திருந்தது. ஜாடிக்கு அதை அப்போதுதான் ஊட்டியிருந்தாள், இன்னும் ஏறவில்லை. நிர்மலாவுக்கு இல்லாவிட்டாலும் தீர்த்தம்மாளுக்குப் பிடிக்கும் என்று சப்பாத்தியாவது போட்டுக் கொடுத்திருக்கலாம். சுகுணா மாவுடப்பாவைத் திறக்கவே இல்லை.

"இன்னைக்கு ஒண்ணுமில்லைங்க தம்பி. வெறுங்கையோட போங்க."

"பரவால்லக்கா. எங்க எருமைதான் ஏமாந்துடும்," என்று சிரித்தபடி குரு வண்டியை உதைத்தார்.

சுகுணா சிரிக்கவில்லை. அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு, உள்ளே போய் ஜாடியைப் பார்த்தாள். மாவு ரப்பர் பேண்டு அளவிலேயே இருந்தது.