முனியப்பன் கல்லருகே ஒரு நிமிஷம்

அமலோற்பவத்தைப் பற்றிக் கேட்டால் “பேய் பிடிச்ச பொண்ணு” என்பார்கள் எங்கள் ஓசூர் கம்பெனியில். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐந்து வருஷம் பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனவள் நான், பவளம். தெரியாதவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம்.

காலை ஆறரைக்கு ஜவளகிரியில் கம்பெனி பஸ் கிளம்பும். காடு முடிகிற வளைவில் முனியப்பன் கல். டிரைவர் ராமப்பன் அங்கே வண்டியை நிறுத்தி, சூடம் கொளுத்தி, முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் மேலே போவார். ஒரு நிமிஷம் ஆகும். நிற்காமல் போகிற வண்டியை முனி கவிழ்த்து ரத்தம் குடிக்கும் என்பார். ஆனால் முனியும் கட்டுப்பட்டதுதான். கல்லை விட்டு ஓரடி நகர்ந்தால் அதோடு அழிந்துபோகும்.

அமலா வேதக்கார வீட்டுப் பெண், கிறிஸ்தவள். முப்பத்திரண்டு வயது. பெண் பார்க்க வந்த நாலு பேரும் பஜ்ஜி தின்றுவிட்டுப் போனதோடு சரி. ஒருநாள் என்னிடம் சொன்னாள். பிறந்ததிலிருந்து அவளுடைய காவல் சம்மனசு, அவளைக் காக்கிற தேவதை, இடது தோளுக்குப் பின்னால் நிற்கிறதாம், அந்தக் கனம் எப்போதும் தெரியுமாம். முனியப்பன் கல்லில் பஸ் நிற்கும்போது மட்டும் தோள் லேசாகிவிடுகிறதாம்.

“அவ எறங்கிப் போறாக்கா. அங்க ஒருத்தன் நிக்கறான்.”

நமக்கே ஒரு வழியைக் காணோம், உன் சம்மனசுக்கு முனி மேல ஆசையா என்று கிண்டலடித்தேன். அவள் சிரிக்கவில்லை. வண்டி கிளம்பியதும் அந்தக் கனம் நடுங்கிக்கொண்டே திரும்பி வரும் என்றாள். இந்த ஆசை மேலே இருக்கிற ஆண்டவருக்கும் அடுக்காது, கல்லில் கட்டுண்டு கிடக்கிற முனிக்கும் அடுக்காது. சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சொன்னால் பங்குச் சாமியார் அவர்களைப் பிரித்துவிடுவாரோ என்று பயந்து அதையும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

“எனக்காக யாரும் இப்பிடிக் காத்துக்கிட்டு நின்னதில்லக்கா” என்று சொல்லி அழுதாள். எனக்கு அதன்பிறகு கிண்டல் வரவில்லை.

2006 ஆடியில் கல்லுக்குப் பொங்கல் வைத்தோம். ராமப்பன் மேல் முனி இறங்கியது. சுருட்டும் கையுமாக நேரே அமலாவிடம் வந்து, அவள் தோளுக்கு மேலே பார்த்தபடி நின்றது.

“இவ பின்னால நிக்கறவ எனக்கு வேணும்.”

அவள் பின்னால் யாருமே இல்லை. அதனால் முனி அமலாவின் உயிரைத்தான் கேட்கிறது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அது கேட்பது அவளுடைய சம்மனசை என்று நான் சொன்னதை ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விஷயம் கம்பெனி வரைக்கும் போனது. இனி அந்த வளைவில் பஸ் நிற்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். ராமப்பனை வேறு ரூட்டுக்கு மாற்றி, புது டிரைவரைக் கொண்டுவந்தார்கள்.

பதினோரு நாள் நிற்காமலே போனோம். நிற்காத வண்டியைக் கவிழ்க்கிற முனி சும்மாவே இருந்தது. அமலாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. கல்லைத் தாண்டும்போதெல்லாம் ஈரப் போர்வையைப் போட்ட மாதிரி தோள் கனக்கிறது, சம்மனசு அழுகிறாள் என்றாள்.

பன்னிரண்டாம் நாள் நல்ல மழை. வளைவில் கிரானைட் லாரி ஒன்று எங்கள் மேல் ஏறுகிற மாதிரி வந்தது. டிரைவர் ஒடித்தார், பஸ் வழுக்கி, அமலா உட்கார்ந்திருந்த ஜன்னல் பக்கம் பள்ளத்தில் சாய்ந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். பஸ் விழவில்லை. யாரோ கீழிருந்து தோள் கொடுத்த மாதிரி பாதியில் நின்று, மெதுவாக நிமிர்ந்தது. உள்ளே சுருட்டு வாசனை அடித்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

இறங்கிப் பார்த்தோம். முனியப்பன் கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அமலா இடது தோளைப் பிடித்துக்கொண்டு மழையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எடத்த விட்டு வந்துட்டான்க்கா” என்றாள்.

மூன்று வருஷம் ஆகிறது. இப்போது சூடமும் இல்லை, எலுமிச்சம்பழமும் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிழைத்ததிலிருந்து, கம்பெனி உத்தரவையும் மீறி, புது டிரைவர் தினமும் அங்கே வண்டியை நிறுத்துகிறார். அமலா இறங்கிப்போய் உடைந்த கல்லருகே நிற்கிறாள். பேய் பிடித்தவள் என்ற பேர் அதனால் வந்ததுதான்.

அங்கே நிற்கும்போது இப்போதும் தோள் லேசாகிறதா என்று போன வாரம் கேட்டேன்.

“இல்லக்கா. அவ எறங்கவே மாட்டேங்கறா. நான்தான் கூட்டிக்கிட்டுப் போய் நிக்கறேன்.”