பிள்ளையின் கொக்கியில் தொங்கிய தொப்பி

ஃபெல்ட் தொப்பியை ஆவியில் காட்டும்போது ஒரு வாடை வரும். நனைந்த ஆட்டு வாடையும் பழைய தேங்காயெண்ணெய் வாடையும் கலந்த மாதிரி... அது இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

போன வாரம் கொள்ளுப்பேரன் மலாக்கா பண்டார் ஹிலிரில் ஒரு பழைய தொப்பி வாங்கி வந்து, "நன்னி, இத எப்டி கிளீன் பண்றது?" என்று கேட்டான். சொல்லிக் கொடுத்தேன். மிச்சத்தை அவனிடம் சொல்லவில்லை. இந்த குரூப்பில் சொல்கிறேன். மருமகள் போனில் தட்டுகிறாள், பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள்.

ஜப்பான்காலம், அவன் மலாயாவைப் பிடித்து ஆண்ட சமயம். நான் கல்யாணமாகி காஜா பெராங்குக்கு வந்த புதிது. என் மாப்பிள்ளைக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, சொங்கோக் என்கிற மலாய்த் தொப்பி தைக்கிற கடை. ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணிமார்களின் ஃபெல்ட் தொப்பிகளையும் சுத்தம் செய்து கொடுப்பார். முன்னால் கடை, பின்னால் வீடு. கெட்டிலில் ஆவி பிடிப்பதும், உள்ளே இருக்கிற தோல்பட்டையைத் தைப்பதும் என் வேலை. வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் பின்கட்டுச் சுவரில் ஒரு கொக்கி உண்டு. அவர் தொப்பி அதில்தான் காயும், வேறெதிலும் மாட்ட மாட்டோம்.

அடுத்த வீடு பிள்ளை வீடு. மலாக்கா செட்டிக்காரர்கள், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து ஊறிப்போனவர்கள். கோயில், விபூதி எல்லாம் உண்டு, ஆனால் தமிழ் பேச வராது, மலாய்தான். பிள்ளை ஆபீஸ் கிராணி. தொப்பி விஷயத்தில் அப்படி ஒரு கிறுக்கு! சிங்கப்பூர் போய்விட்டு வந்தாலும் சரி, நேராக எங்கள் கடை. தொப்பியைக் கொடுத்துவிட்டு வெறும் தலையோடுதான் வீட்டுக்குள் நுழைவார். அழுக்குத் தொப்பியோடு வாசல் தாண்ட மாட்டாராம். அவர் மனைவி லெச்சுமி அக்கா என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஒருநாள் காலையில் பிள்ளை வீட்டுக்கு ஜப்பான்காரன் லாரி வந்தது. தடை போட்டிருந்த ரேடியோவை வீட்டில் வைத்திருந்தாராம்... யாரோ சொல்லிவிட்டார்கள். ஆபீஸுக்குப் போகிறவர் மாதிரி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டுதான் ஏறினார். அதற்கப்புறம் ஒரு சேதியும் இல்லை. போய்க் கேட்கிற துணிச்சல் தெருவில் ஒருத்தருக்கும் இல்லை.

சில மாதம் கழித்து சாதா உடுப்பில் ஒரு ஜப்பான்காரன் கடைக்குள் வந்தான். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். நாளைக்கு வேண்டும் என்று கையைக் காட்டிவிட்டுப் போனான்.

பின்கட்டில் நான் தோல்பட்டையைத் திருப்பினேன். பச்சை நூல் தையல். முன்னொரு தடவை வேறு நூல் கிடைக்காமல் நானே பச்சை நூலால் தைத்தது.

"மச்சான்... இது பிள்ளையோடது."

"தெரியும். பேசாம வேலையப் பாரு."

அன்று ராத்திரிக்கு நாங்கள் தின்ன வைத்திருந்த தவிட்டை மாப்பிள்ளை வறுத்து, சூட்டோடு தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தார். பட்டையில் பிள்ளையின் தலையெண்ணெய் கறுப்பாக ஊறியிருந்தது. அதையும் நான் துடைத்தேன். ஆவி காட்டி, பிரஷ் போட்டு, கடைசியில் காய வைக்க எடுத்துப்போனார். கைப்பழக்கம்... பிள்ளையின் கொக்கியிலேயே மாட்டிவிட்டார்.

தீப்பெட்டி கிடைக்காத காலம். சாயங்காலம் லெச்சுமி அக்கா நெருப்பு வாங்க சிரட்டையோடு பின்வாசலுக்கு வந்தாள். குனிந்து தணலை அள்ளப் போனவள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

"சுடா பாலிக்?" என்றாள். வந்துட்டாரா என்று. அவள் முகம் பூவாக மலர்ந்துவிட்டது. சிரட்டையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

மாப்பிள்ளை கேட்டதும் இடிந்துபோனார்.

"இப்ப ஒன்னும் சொல்லாத. அவ கத்துனா தெருவுக்கே கேக்கும். நாளைக்கு அவன் வருவான். நாமதான் சொன்னோம்னு தெரிஞ்சா என்னையும் லாரில ஏத்திருவான்."

அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து சோறு வேகும் வாசனை வந்தது. வெள்ளை அரிசிச் சோறு. மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறு எதையும் காணாத தெருவில்... பிள்ளைக்கென்று அக்கா ஒளித்து வைத்திருந்த அரிசி. விடிந்தும் பிள்ளை வராவிட்டால் இவள் தேடிக்கொண்டு ஜப்பான்காரனிடமே போய் நிற்பாள். போன பொம்பளை திரும்ப மாட்டாள். மாப்பிள்ளையிடம் கேட்காமலே போனேன்.

பிள்ளைகளைக் குளிப்பாட்டி உட்கார வைத்திருந்தாள். அவருக்குப் பாய் விரித்து மங்குத் தட்டில் சோறு போட்டிருந்தாள்.

"அக்கா, தொப்பியக் கொண்டாந்தது அவரு இல்ல. ஒரு ஜப்பான்காரன்."

மலாயில்தான் சொன்னேன். அவள் கத்தவில்லை.

"தலையில போட்டுக்கிட்டு வந்தானா?"

"ஆமாக்கா."

விரித்த பாயின் ஓரத்தை நேராக இழுத்து விட்டாள். பிறகு, "அத எடுத்துட்டு வர்றியா? ஒரு வாட்டி மோந்து பாத்துட்டுத் தந்துர்றேன்" என்றாள்.

தலையெண்ணெயெல்லாம் எடுத்துவிட்டோம், அவர் வாசம் இருக்காது என்று எப்படியோ சொன்னேன். தலையாட்டினாள். அவருக்குப் போட்ட மங்கை என் பக்கம் தள்ளி, "சாப்பிடு, ஆறிடும்" என்றாள். பசி. சாப்பிட்டேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஜப்பான்காரன் வந்து, கண்ணாடியில் பார்த்து மாட்டிக்கொண்டு போனான்.

இப்போது ஒருவர் தவறினால், உடம்பைக் குளிப்பாட்டுமுன் போனில் படத்தோடு சேதி வந்துவிடுகிறது. தொல்லை என்று சவுண்டைக் குறைத்து வைக்கிறோம். லெச்சுமி அக்கா எழுபது வயசு தாண்டியும் வாழ்ந்தாள், தாலியைக் கழற்றவே இல்லை. ஜப்பான் சண்டை முடிந்த பிறகும் அவளிடம் ஒருவரும் வந்து இன்ன இடம், இன்ன நாள் என்று சொல்லவில்லை. அவர் போனதற்கு அவளுக்கு வந்த சேதி அந்தத் தொப்பி ஒன்றுதான்... அதையும் நாங்கள் அவர் வாசம் இல்லாமல் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தோம்.