தகப்பன் பெயரில் ஒரு கல்

1996 ஒக்டோபர், ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதரைக்கு டொரொன்டோவின் டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டட வாசலில் குகனின் டாக்சி வந்து நின்றது. போக முப்பது டொலர் என்று பேச்சு. கூட வந்த ரூத், ஏழாம் மாடியில் தனியே இருக்கும் யூதப் பெண்மணி, ஐம்பது வயது. நான் அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிறவன்.

"எங்கை அண்ணை, காலமையோடை?" என்றான் குகன்.

"சவக்காலைக்கு. பதர்ஸ்ட் வீதிப் பக்கம், யூத ஆக்களின்ரை."

"ஞாயிற்றுக்கிழமை போற இடமே உது?"

நானூற்றொன்று நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. ரூத்தின் மடியில் ஒரு சப்பாத்துப் பெட்டி. அது நிறையப் பதினெட்டு வருடக் கடிதங்கள். மாமனைத் தேடி வார்சாவுக்கும் பெர்லினுக்கும் ஹைஃபாவுக்கும் அவள் எழுதிக் கேட்டவை. போலந்தில் பிறந்த அவளுடைய தாய், யுத்தத்தில் தம்பியைத் தொலைத்துவிட்டு, ஜெர்மனியில் ஓர் அகதி முகாமில் ரூத்தைப் பெற்று, டொரொன்டோ வந்து சேர்ந்தவர். செத்துவிட்டான் என்று நினைத்து, தம்பிக்கு வருடம் தவறாமல் விளக்கேற்றியவர். அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை என்றுதான் எல்லா இடத்திலிருந்தும் பதில் வந்தது.

போன மாதம் நான் சும்மா இருந்திருக்கலாம். வாயைக் கொடுத்தேன். தப்பி வருகிறவன் சொந்தப் பெயரிலா வருவான்? யாருடைய கடதாசி கிடைக்கிறதோ அவனாகத்தான் வருவான். தகப்பன் பெயரை வைத்துத் தேடுங்கள் என்றேன். யூதர்களின் கல்லறையில் இறந்தவரின் பெயரோடு தகப்பன் பெயரையும் எபிரேயத்தில் வெட்டுவது வழக்கம். ரூத் சவக்காலைக் கந்தோர்களுக்கு அப்படியே எழுதிக் கேட்டாள். ஒன்றிலிருந்து பதில் வந்தது.

பத்தே கால். பதினாலாம் வரிசை. கல்லில் ஆங்கிலத்தில் யாரோ ஒருவனின் பெயர். அதன் கீழே எபிரேயத்தில் அவளுடைய மாமன் பெயரும், தாத்தாவின் பெயரும். செத்துப் பதினொரு வருடம். கடைசியாக இருந்த வீட்டு விலாசத்தைக் கந்தோரில் எழுதிக் கொடுத்தார்கள். ரூத்தின் தாய் வாழ்ந்த வீட்டிலிருந்து பஸ்சில் இரண்டு தரிப்பிடம். தாய் செத்து மூன்று வருடம்தான் ஆகிறது.

வருகிறவர்கள் கல்லறையின் மேல் ஒரு சின்னக் கல் வைத்துவிட்டுப் போவார்கள். ரூத்தும் குனிந்து ஒன்றை எடுத்தாள். எடுத்தவள் வைக்கவில்லை, பாதையிலே எறிந்தாள்.

"என் அம்மா உயிரோடு இருந்தவனுக்கு விளக்கேற்றினாள்" என்றாள். "கோழை."

"பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்" என்றேன்.

"முப்பது வருடமாகவா?"

எனக்கு ஆத்திரம் வந்தது. அவளிலா, அந்த மனிதனிலா, என்னிலா என்று தெரியவில்லை. நானும் ஆறு வருடத்துக்கு முன்னர் இன்னொருவனின் பாஸ்போட்டில் வந்து, அவனாகவே பதிந்துகொண்டவன். போன வருடம் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிய என் அக்கா எங்கே என்று தெரியாது. இருந்தால் அவள் என்னை என் பெயரில்தான் தேடுவாள்.

குகனின் டாக்சியிலேயே திரும்பினோம்; வழியில் நடந்ததை அவனுக்குச் சொன்னேன். கட்டட வாசலில் ரூத் இறங்கி உள்ளே போனாள்.

"பொய்ப் பேரிலை இருந்தாலும் தேப்பன்ரை பேரைக் கல்லிலை விட்டிட்டுப் போயிட்டான்" என்றான் குகன். "எங்களை எரிச்சுப் போடுவாங்கள், கல்லும் இல்லை. அதுசரி, உங்கடை அப்பான்ரை பேரென்ன அண்ணை?"

பாஸ்போட்டுக்காரனின் தகப்பன் பெயரைச் சொன்னேன்.