கல்லாகிப்போன மூடை

சிமெண்ட்டுக்கு பெர்மிட் கேட்டு ஜனங்கள் அலைந்த காலம் அது. சங்கரன்கோவிலில் என் டீக்கடைக்கு எதிரே அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். சிமெண்ட் அடுக்கிய கொட்டகை ஒழுகியதால், ஐப்பசி மழையில் பாதி சிமெண்ட் மூடைகள் கல்லாகிவிட்டன. வீணானதைக் கணக்கெடுக்க மேலிடத்து அதிகாரி வந்து பார்க்கிறவரைக்கும் அவற்றை வெளியே போடக்கூடாது. ஒன்று குறைந்தாலும் வேலையை மேற்பார்த்த ஓவர்சியர் விற்றுவிட்டதாக ஆகிவிடும். ஆனாலும் ஒரு மூடை என் கடைவாசலுக்கு வந்துவிட்டது. ஓவர்சியரே அதில் உட்கார்ந்துதான் தினமும் டீ குடிப்பார்.

அதிகாரி சித்திரையில்தான் வந்தார். ஒல்லியான மனிதர், கஞ்சி போட்ட சட்டை. ஒவ்வொரு மூடையையும் குடைப்பிடியால் தட்டி, டாக்டர் மாதிரி குனிந்து காது கொடுத்துக் கேட்டார். வேலை முடிந்ததும் என் கடைக்கு வந்து அந்தக் கல்லில் உட்கார்ந்தார். பாதி டீயில் அவர் கை தானாகக் கீழே போய்த் தட்டியது. பக்கத்தில் நின்ற ஓவர்சியருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“இதுவும் அந்த மூடைதான் சார். நான்தான் உருட்டியாந்தேன். இதையும் சேத்துக்கிடுங்க” என்றேன்.

“வீணாப் போனதைப் பாக்கத்தான் என்னைய அனுப்பியிருக்காவ. இதுல நாலு பேரு உக்காருதாவ. இது எப்படி வீணாப் போனதாவும்? இங்கனயே கெடக்கட்டும்.”

நான் கும்பிட்டேன். வீணானதில் அதை அவர் எழுதாததால், கணக்கில் ஒரு மூடை குறைந்தது. ஓவர்சியர்தான் பதில் சொல்லவேண்டியதாயிற்று.

அந்த மனிதர் என்மேல் இரக்கப்பட்டாரா, ஓவர்சியரைப் பிடித்தாரா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஓவர்சியர் அதற்குப் பிறகும் என் கடைக்குத்தான் வந்தார். டீயை மட்டும் நின்றுகொண்டே குடித்தார்.