கணக்கெடுக்கப் போன இடத்தில் ஒரு பிரசவம்

ரப்பர் விலை அடியோடு விழுந்து, இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்திருந்த ஆட்களைத் தோட்டம் தோட்டமாக வேலையிலிருந்து நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. நான் நகரத்தில், ரயில்வேக்காரர்கள் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸில் இருந்தேன். ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி வேலை. மாநிலத்தில் எத்தனை பேர் உழைக்கிறார்கள், எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்று அரசாங்கம் கணக்கெடுத்தபோது, தமிழ் தெரிந்தவன் என்று என்னையும் அனுப்பினார்கள். எனக்கு வந்தது கிள்ளானுக்கு அப்பால் ஒரு தோட்டம்.

நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த லயத்தில் அடுப்புகள் புகைந்துகொண்டிருந்தன. ஒரு வாசலில் பாதி அரைத்த மிளகாய் அம்மியிலேயே கிடந்தது. ஆட்களை மட்டும் காணோம். என்னைப் பார்த்ததும் எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரப்பர் பால்மரங்களுக்குள் ஓடிவிட்டார்கள் என்று புரியவே சற்று நேரமாயிற்று. வேலை இல்லாதவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள் அல்லவா? பேர் எழுத வருகிறவன்தான் கப்பலுக்கு ஆள் பொறுக்குகிறான் என்று ஒரு பேச்சு பரவியிருந்தது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மரங்களுக்கு நடுவே பல கண்கள் என்னையே பார்க்கின்றன என்று முதுகு சொன்னது. வெறுங்கையோடு திரும்பினால் மேலதிகாரி என்ன சொல்வாரோ, நின்றால் இவர்கள் என்ன செய்வார்களோ! லயத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தேன்.

அப்போதுதான் கடைசி வீட்டில் முனகல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நிறைமாதக்காரி ஒருத்தி, ஓட முடியாமல், கதவு நிலையைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்திருந்தாள். வலி எடுத்துவிட்டது. என்னைக் கண்டதும் அந்த வலியிலும் சொன்னாள்:

"எம் புருசன் வேலைக்குப் போயிருக்காருங்க ஐயா. எங்களுக்கு வேலை இருக்குதுங்க."

கைப்பையை அங்கேயே போட்டுவிட்டு மரங்களின் ஓரத்துக்கு ஓடினேன். "பிள்ளைத்தாச்சிக்கு வலி வந்துடுச்சு, யாராவது வாங்கம்மா!" என்று கத்தினேன். யாரும் வரவில்லை. மறுபடி கத்தினேன். உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல், "போவாதீங்க, பொய் சொல்லி வெளிய இழுக்கறாரு" என்றது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்ன சொல்லி நம்பவைப்பது? அந்த நேரத்தில் லயத்திலிருந்து அவள் போட்ட அலறல் எங்களுக்கெல்லாம் கேட்டது.

ஒரு மரத்தின் பின்னாலிருந்து நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி வெளியே வந்தாள். நேராக என் முன்னால் வந்து நின்றாள். "கப்பல்ல ஏத்தணும்னா ஏத்திக்குங்க. இப்ப வழியை விடுங்க" என்று என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள், அப்புறம் தயங்கித் தயங்கி ஆண்கள், குழந்தைகள். என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் தண்ணீர் சுமந்து கொடுத்தேன்.

மதியத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. கிள்ளானில் வேலை தேடிவிட்டு வெறுங்கையோடு வந்த புருஷன், குழந்தையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"வேலை இல்லைன்னு எழுதினா அனுப்பிருவாங்களாய்யா?"

"எனக்குத் தெரியாதுப்பா. அதை யாரும் என்கிட்ட சொல்லல."

"எம் பொண்டாட்டிக்காக அவங்கல்லாம் பயத்தை விட்டு வெளிய வந்துட்டாங்களாம். நான் மட்டும் என்னத்த ஒளிக்கிறது? உள்ளதையே எழுதுங்க" என்றான்.

எழுதினேன். லயம் முழுவதும் வரிசையாக வந்து பேர் கொடுத்தது.

சில மாதங்கள் கழித்து, வேலையாகக் கிள்ளான் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். துறைமுகத்துக்குப் போகும் கூட்டத்தில் அந்தப் புருஷனும் மனைவியும் இருந்தார்கள், தோளில் குழந்தை. ஓடிப்போய், "நான் எழுதினதாலயா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க ஐயா, தோட்டத்துத் தொரை முன்னாடியே முடிவு பண்ணிட்டாராம்" என்றான் அவன். அவள் குழந்தையின் முகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அதற்குள் ரயில் வந்துவிட்டது.

அவன் சொன்னது உண்மையா, என் மனம் நோகக்கூடாதென்று சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் இத்தனை ஆயிரம் தொழிலாளர்கள் என்று பத்திரிகையில் எங்கே படித்தாலும், கப்பலுக்குப் பயந்து ஒளிந்தவர்கள் ஒருத்தியின் அலறலுக்காக அந்தக் கப்பலையே மறந்து வெளியே வந்தார்களே, அந்த ஆயிரத்தில் அவர்களும் இருக்கிறார்கள் என்ற நினைப்பில் அந்த எண்ணைத் தாண்டிப் போக என்னால் முடிவதில்லை.