பையில் வயது எழுதுவதில்லை

செல்வமேரி ஃபிரிட்ஜிலிருந்து ரத்தப் பையை எடுத்தால் அதன் எண்ணை இரண்டு முறை வாய்விட்டுப் படிப்பார். பக்கத்தில் ஆள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. "மேரியக்கா ஜெபமாலை ஆரம்பிச்சுட்டாங்க" என்று கேலி பேசாதவர் அந்தத் திருச்சி ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் கிடையாது. குப்பி கழுவும் வேலைக்குச் சேர்ந்தவர். பக்கத்தில் நின்று பார்த்தே குரூப் பார்க்கக் கற்றுக்கொண்டு, அப்புறம் பரீட்சை எழுதி டெக்னீஷியன் ஆனவர். இருபத்தொன்பது வருஷத்தில் அவர் கை வழியாகப் போன ஒரு பைகூட ஆள் மாறிப் போனதில்லை.

புதன்கிழமை காலையில் தைரியராஜ் வந்தார். வெங்காய மண்டி வைத்திருப்பவர். அறுபத்தெட்டு வயது. எடமலைப்பட்டி புதூரில் செல்வமேரிக்கு மூன்றாவது வீடு. ஒரே மாதா கோயிலில் பூசை பார்ப்பவர்கள்.

"மேரி, வெளிய வேன்ல எட்டுப் பசங்க இருக்காங்க. மூட்டை தூக்குற பசங்க, எல்லாம் இருபத்தஞ்சுக்குள்ள. ரத்தத்த எடுத்து, பிளாஸ்மாவோ என்னவோ, அந்த மஞ்சத் தண்ணிய மட்டும் பிரிச்சு எனக்கு ஏத்திவிடு."

"எதுக்குண்ணே?"

"எதுக்கா? வயசு குறையத்தான்."

ஆறு மாதத்துக்கு முன்னால் அவருக்குக் குடல்புண் வெடித்து, உடம்பில் பாதி ரத்தம் போய்விட்டது. இதே இடத்திலிருந்து மூன்று பை ஏற்றினார்கள். பத்தே நாளில் எழுந்து மண்டிக்குப் போனார். அன்றிலிருந்து, ஏதோ ஒரு காலேஜ் பையனின் ரத்தம்தான் தன்னைத் தூக்கி நிறுத்தியது என்று நம்பிவிட்டார். போதாததற்குப் போனில் ஒரு வீடியோ: கிழட்டு எலிக்கு இளம் எலியின் ரத்தம் போனதும் அது துள்ளி ஓடியதாம்.

"எலிக்கு நடந்தது நெசந்தான், நானும் படிச்சேன். மனுஷனுக்கு அப்படி ஆகும்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கலைண்ணே. நாங்க செய்ய மாட்டோம்."

"செய்யாட்டி போ. வடக்க ஒரு கிளினிக்ல செய்றாங்க. நாளைக்கு ரயிலு. எம்மவன் பிராங்க்ளின் டிக்கெட்டே எடுத்துட்டான்."

செல்வமேரிக்கு அப்போதுதான் பகீரென்றது. இவர் நெஞ்சில் ஸ்டென்ட் இருக்கிறது. நடந்தாலே கால் வீங்குகிற ஆள். லிட்டர் லிட்டராக ஏற்றினால் அந்த இதயம் தாங்காது. சொன்னால் கேட்கிற பிறவியும் இல்லை. ஏதாவது கண்ணெதிரே காட்ட வேண்டும்.

அந்த மூன்று பைகளும் யாருடையவை என்பது பதிவேட்டில் இருக்கும். ஆனால் கொடுத்தவர் விவரத்தைச் செல்வமேரி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உள்ளே போய் டாக்டர் ஷரீபாவிடம் கேட்டார்.

"பேரு, ஊரு, தேதி எதுவும் வேண்டாம் மேரி. வயசு மட்டும்னா சொல்லுங்க" என்றார் டாக்டர்.

செல்வமேரி திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்குக் கொடுத்தவங்க வயசு சொல்றேன், கேட்டுக்குங்க. நாப்பத்தேழு. அம்பத்தெட்டு. அறுபத்துமூணு."

தைரியராஜ் முன்னால் குனிந்தார். "அறுபத்துமூணா?"

"ஆமா. உங்க மண்டியில மட்டும் நல்லா காஞ்ச பழைய வெங்காயத்துக்குத்தானே மதிப்பு?"

"அது வேற, இது வேற" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஒண்ணு செய். அந்த அறுபத்துமூணையே மாசா மாசம் வரச்சொல்லு."

செல்வமேரி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அவர் விரலைப் பிடித்துக் குத்தி ஒரு சொட்டு எடுத்து மிஷினில் வைத்தார்.

"அன்னிக்கு உங்க ஹீமோகுளோபின் அஞ்சு இருந்துச்சு. இன்னிக்குப் பதிமூணரை. கொறஞ்சதை நெரப்பினோம், எழுந்துட்டீங்க. வயசுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இப்ப நெறஞ்சிருக்கு. நெறஞ்ச டேங்க்ல மோட்டாரைப் போட்டா?"

"வழியும்."

"மனுஷனுக்கு வழிய எடமில்லைண்ணே. நுரையீரல்லதான் நிக்கும். ரயிலேறிப் போனவரு சவப்பெட்டியில வருவீங்க."

தைரியராஜ் தன் காலைக் குனிந்து பார்த்தார். செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. வாரைத் தளர்த்திவிட்டுக்கொண்டே, "பசங்களக் கூட்டிட்டு வந்துட்டேனே" என்றார்.

"கொடுக்க விருப்பம்னா கொடுக்கட்டும். யாருக்கு வேணுமோ அவங்களுக்குப் போகும்."

எட்டுப் பேரையும் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். எல்லோரிடமும் வழக்கமாகக் கேட்கும் கேள்விதான்: "நீயா வந்தியா, யாராச்சும் சொல்லி வந்தியா?" மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் சீட்டில் 'இன்று வேண்டாம்' என்று மட்டும் எழுதி, ஆளுக்கொரு ஜூஸ் கொடுத்து அனுப்பினார். ஏன் என்று வெளியே கேட்ட முதலாளிக்குப் பதில் கிடைக்கவில்லை.

மற்ற ஐந்து பேரும் கொடுத்தார்கள். தைரியராஜ் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் யாருக்கு?"

"நாளைக்கே ஒரு பிரசவத்துக்குப் போகலாம். எம்பது வயசு ஆளுக்கும் போகலாம்."

"இளசுன்னு எழுத மாட்டியா?"

"குரூப்பு, நம்பரு, தேதி. வயசெல்லாம் எழுதுறதில்லண்ணே."

அவர் போனை எடுத்தார். "பிராங்க்ளின், அந்த டிக்கெட்ட கேன்சல் பண்ணிடு... ஆமாடா, நல்லாத்தான் இருக்கேன், பதிமூணரை." வாசல் வரை போனவர் திரும்பினார். "மேரி, அந்த அறுபத்துமூணு, ஞாயித்துக்கிழமை நம்ம பூசைக்கு வர்ற ஆளா?"

"அண்ணே!"

"சரி சரி, நான் கேக்கல."

செல்வமேரி முதல் பையைக் கையில் எடுத்து, எண்ணை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார்.