குழிக்குள் பாதி கேலெரா

கிழங்கைத் தோண்டி எடுத்துவிட்டு, கொடியோடு ஒட்டிய தலைத்துண்டை மறுபடி குழியில் வைத்து மண்ணைத் தள்ளும்போது, கேலெரா அதைத் திட்டிக்கொண்டே இருப்பார். "அடுத்த வருஷமாவது நேரா எறங்கு. கல்லைக் கண்ட எடத்துலல்லாம் வளைஞ்சு என் உசிர வாங்காதே." பெற்ற மகளைக்கூட அந்த அம்மாள் இவ்வளவு உரிமையோடு திட்டியதில்லை.

ஃபிஜி மலைக்காட்டில் திவோலிக் கிழங்கை யாரும் பயிரிடுவதில்லை, தானாக வளரும். முள்கொடி மரமேறிப் போகும், கிழங்கு பாறை இடுக்கில் ஆழமாக இறங்கும். இரும்பு பட்டால் முறிந்துவிடும் என்று கேலெரா மரக்கழியால்தான் கிளறுவார். பிறகு கையால் மண்ணை அள்ளுவார். கடைசியில் குப்புறப் படுத்து இடுப்புவரை குழிக்குள் போய்விடுவார். பாதையில் போகிறவர்கள் இரண்டு உள்ளங்கால்களைப் பார்த்து, "புலா, கேலெரா!" என்று வணக்கம் சொல்வார்கள். "வேலையப் பாத்துக்கிட்டுப் போ!" என்று குழி பதில் சொல்லும்.

பாதையோரக் கொடிகளை ஊரே தோண்டும். ஆனால் காட்டுக்குள் ஒரு பெரிய கொடி உண்டு, அது கேலெராவுக்கு மட்டும் தெரிந்தது. அங்கே போகிற அன்று, மீன் பிடிக்கப் போவதுபோல் வலையை எடுத்துக்கொண்டு ஓடைப்பக்கம் கிளம்புவார். கோயிலில்கூட, "ஆண்டவரே, அந்தக் கொடியக் காப்பாத்தும். எதுன்னு உமக்கே தெரியும்" என்பதோடு ஜெபத்தை முடித்துக்கொள்வார். காரணம், பின்வரிசையில் அபிசாய் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அபிசாய் அவருடைய தாய்மாமன் மகன். அந்த முறைக்காரர்களுக்குள் கேலிக்குத் தடையே கிடையாது.

"மச்சினி, நீ போய்ச் சேந்துட்டா அந்தக் கொடி யாருக்கு?"

"நீ முன்னால போ மச்சான். மேலேர்ந்து பாத்தா நல்லாத் தெரியும்."

கேலெராவின் சம்பந்திகள் கடற்கரைக்காரர்கள். விருந்துக்கு அவர்கள் மீன் கொண்டுவருவார்கள், மலைக்காரர்கள் கிழங்கு கொடுக்க வேண்டும். போன முறை கேலெரா நீட்டிய கிழங்கு இரண்டாக முறிந்திருந்தது. அதை மறக்காத சம்பந்தியம்மாள், இந்தச் சனிக்கிழமை விருந்துக்கு முன்பே சொல்லியனுப்பிவிட்டார்: "இந்தத் தடவ பாதி மீன் கொண்டு வர்றோம். பாதிக் கிழங்குக்கு அது போதும்ல?" கேலெராவுக்கு மானமே போய்விட்டது. மூன்று நாள் யாருக்கும் முகங்கொடுக்காமல் இருந்தார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் மீன்வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

காட்டுப்பன்றியைத் துரத்திக்கொண்டு போன அபிசாய், மதிய வெயிலில் ஒரு பாறையடியில் கண்டது இரண்டு உள்ளங்கால்களை. அவை அசையவில்லை. ஓடிப்போய்க் குழியருகே குனிந்தார்.

"மச்சினி! உசிரோட இருக்கியா?"

"இருக்கேன். யாரு, அபிசாயா? ஐயோ, போயும் போயும் நீதானா வரணும்!"

தோள், பாறைக்கும் வேருக்கும் நடுவில் மாட்டியிருந்தது. இரண்டு கைகளும் கிழங்கை அணைத்திருந்தன. கையை எடுத்தால் எப்படியாவது வெளியே வந்துவிடலாம். ஆனால் கிழங்கு சரிந்து முறிந்துவிடும்.

"அத விட்டுட்டுக் கையக் குடு."

"கைய விடு, காலப் பிடிச்சு இழு. மெதுவா! இது முறிஞ்சுது, உன் முதுகெலும்பும் முறியும்."

"சரி, இழுத்தா எனக்குப் பாதி?"

"பாதிங்கற பேச்ச எடுத்தே, கொன்னுருவேன்!"

அபிசாய் கத்தியால் வேரை அறுத்தார். சிரிப்பை அடக்க முடியாமல் கணுக்கால்களைப் பிடித்து இழுத்தார். முழங்கால் வந்தது, இடுப்பு வந்தது, மண் அப்பிய முகம் வந்தது. அதன் பின்னால், பிள்ளையைப் போல் அணைத்தபடி, ஒரு கீறல்கூட இல்லாமல் முழுக்கிழங்கும் வந்தது. கேலெரா அப்படியே உட்கார்ந்து அழுதார். "பாதி மீனாம்ல. வரட்டும், வரட்டும்."

அபிசாய் சுற்றும்முற்றும் பார்த்தார். பாறை, ஓடை, மரத்தில் ஏறிய தடித்த கொடி. "ஓகோ. இங்கதானா?"

கேலெராவின் அழுகை சட்டென்று நின்றது. இடுப்பில் சுற்றியிருந்த மேல்துணியை அவிழ்த்து அவரிடம் வீசினார். பிறர் தலையைத் தொடுவது அங்கே மரியாதை இல்லை.

"நீயே கண்ணக் கட்டிக்க."

"வர்றப்பவே எல்லாம் பாத்துட்டேனே, மச்சினி!"

"போறப்ப பாக்காத."

அபிசாய் கட்டிக்கொண்டார். கேலெரா கழியின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, கிழங்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அந்தப் பாறையையே மூன்று சுற்றுச் சுற்றவைத்த பிறகுதான் அவரை மலையிறக்கிக் கூட்டிப்போனார்.